ஒரு சோறு பதம் சொல்லாத அடுப்பு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை இலக்கியக்காரர்களாகிய நாம் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்துவிட்டோம். ஒரு கதையைக் காட்டித் தொகுப்பையும், ஒரு வரியைக் காட்டிக் கவிஞரையும் தீர்த்துக்கட்ட அது வசதியாக இருக்கிறது. ஆனால் அது முதலில் ஒரு சமையலறை உண்மை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பௌதிக உண்மை. பானையில் கொதிக்கும் நீர் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் ஓயாமல் சுழல்கிறது. எந்த அரிசிக்கும் கிட்டும் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரிதான், கூடுதலுமில்லை, குறைவுமில்லை. பானை தன்னைத்தானே கலக்கிக்கொள்வதால்தான் ஒரு பருக்கை மற்ற எல்லாப் பருக்கைகளுக்கும் சாட்சி சொல்ல முடிகிறது.

மைக்ரோவேவ் அடுப்பில் இந்தச் சாட்சியம் செல்லாது. நேற்றைய சோற்றை அதில் வைத்து எடுத்தால் ஓரத்துப் பருக்கை நாக்கைச் சுடும். நடுவில் இருப்பது குளிர்பதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியதுபோல் விறைத்திருக்கும். எந்தப் பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் அது தன் கதையை மட்டுமே சொல்லும். இது எல்லோருக்கும் தெரிந்த குறைதான். எனக்கு உறுத்துவது இந்தக் குறையல்ல. இதைத் தீர்த்துவிட்டதாகப் பெட்டியின் மேல் அச்சிடப்படும் 'சென்ஸார்' என்ற சொல். சென்ற ஆண்டு ஒரு கடையில் விற்பனையாளர் என்னிடம் வெகு நிதானமாகச் சொன்னார்: "இதுல சென்ஸார் இருக்கு சார், சூடு எவ்வளவுன்னு அதுவே பாத்துக்கும், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்." அவர்மீது தவறில்லை. அந்தச் சொல் அப்படித்தான் கேட்பவர் காதில் விழுகிறது. ஆனால் அந்த அடுப்பு சூட்டைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அடுப்புகளுக்கு உள்ளே இருக்கும் உணவின் சூடு என்ன என்பது அறவே தெரியாது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

சூடு ஏன் சமமாக ஏறுவதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 'நுண்ணலை' என்ற நம் கலைச்சொல்லோடு எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. இந்த அலை அப்படியொன்றும் நுண்மையானதல்ல. வீட்டு அடுப்புகளில் பயன்படுவது விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலை. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேல். உலோகச் சுவர்களுக்குள் அடைபட்ட இந்த அலை, சுவரில் மோதித் திரும்பிவரும் தன் பிம்பத்தோடு கூடி நிலையலை ஆகிறது. கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை ஆட்டினால் சில இடங்கள் பெரிதாக எழுந்து விழும், சில இடங்கள் அசையாமல் நிற்கும், இல்லையா? அதேதான். எழுந்து விழும் இடத்தில் உணவு கொதிக்கிறது. அசையாத இடத்தில் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு சூட்டுத் திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை அலைநீளம், ஆறு சென்டிமீட்டர், நம் கணக்கில் மூன்று விரற்கடை. சுழலும் கண்ணாடித் தட்டு வந்தது இதற்காகத்தான். அதுவும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு உதவாது. நடு என்பது சுற்றினாலும் அதே இடத்தில்தானே நிற்கிறது. கிண்ணத்தைத் தட்டின் நடுவில் அழகாக வைப்பதைவிட ஓரமாக வைப்பது மேல்.

இன்னொன்று, 'உள்ளிருந்து வெளியே வேகிறது' என்று பரவியிருக்கும் கட்டுக்கதை. அலை உணவுக்குள் நுழைகையில் அதன் வலுவின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. அதற்கும் உள்ளே இருப்பது வெளிப்பகுதியிலிருந்து வெப்பம் மெல்ல ஊர்ந்து வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். உப்புச் சேர்ந்த குழம்பில் அலை இன்னும் குறைந்த ஆழத்திலேயே உறிஞ்சப்படுகிறது. சாம்பார்க் கிண்ணத்தின் விளிம்பில் குமிழி கிளம்பும்போது நடுவில் விரலை விட்டால் ஜில்லென்றிருப்பதற்கு இதுவும் காரணம்.

உறைந்த உணவோ இதைவிட விபரீதமானது. சுத்தமான பனிக்கட்டி இந்த அலையை நீர் உறிஞ்சும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உறிஞ்சுவதில்லை. ஆகவே எந்த ஓரம் முதலில் சற்றே உருகி நீராகிறதோ, அது அலையை வாங்கி மேலும் சூடாகிறது. சூடாவதால் அண்டையிலும் கொஞ்சம் உருகி இன்னும் அதிகமாக வாங்குகிறது. உள்ளவனுக்கே மேலும் சேரும் கதை. ஒரு முனை வெந்து சுருங்கிப்போயிருக்கையில் மறுமுனை கல்லாகக் கிடக்கும். 'டீஃப்ராஸ்ட்' பொத்தான் செய்வதெல்லாம் அலையைச் சில விநாடி விட்டுச் சில விநாடி நிறுத்துவதுதான். நிறுத்திய இடைவெளியில் வெப்பம் தானே பரவட்டும் என்று அது காத்திருக்கிறது. அடக்கமான உத்தி, ஆனால் நேர்மையான உத்தி.

இனி உணரிகள். விலை குறைந்த அடுப்புகளில் வெப்பத்தை அறியும் கருவி என்று இருப்பது, அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு வில்லை மட்டுமே. அது காப்பது அடுப்பை, நம்மையோ உணவையோ அல்ல. மற்றபடி அந்த அடுப்பு அறிந்தது காலம் ஒன்றைத்தான். 250 மில்லி நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 73 கிலோஜூல் வேண்டும். 800 வாட் அடுப்பில் அது ஒன்றரை நிமிடம். இவ்வளவுதான் அதன் ஞானம். இங்கே விற்கும் பல மாடல்களில் 'ஆட்டோ குக்' என்று உப்புமாவிலிருந்து அல்வா வரை நீளும் பட்டியலும் இத்தகைய வாய்ப்பாடுதான். உணவையும் எடையையும் நாம் சொல்ல, எங்கோ ஒரு சோதனைக்கூடத்தில் யாரோ ஒருமுறை குறித்துவைத்த நிமிடங்களை அது ஒப்பிக்கிறது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தரும் நம் பள்ளிக்கூடங்களுக்குப் பொருத்தமான அடுப்பு.

நிஜமாகவே உணரி வைத்த அடுப்புகளில் பரவலானது ஈரப்பத உணரி. காற்று வெளியேறும் வழியில் இரண்டு சிறு தெர்மிஸ்டர்கள் சூடேற்றி வைக்கப்பட்டிருக்கும். ஒன்று உலர்ந்த காற்றோடு மூடி முத்திரையிடப்பட்டது, மற்றது திறந்தது. ஈரக்காற்றும் உலர்காற்றும் வெப்பத்தைக் கடத்தும் அளவு வெவ்வேறு. உணவிலிருந்து ஆவி கிளம்பி அந்த வழியாகப் போகும்போது திறந்திருப்பதன் வெப்பநிலை மாறுகிறது, மூடியிருப்பது மாறுவதில்லை; இந்த வேறுபாட்டை மின்சுற்று கண்டுகொள்கிறது. அதாவது, அடுப்பு மோப்பம் பிடிக்கிறது. முதல் ஆவி வர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, அதை உணவின் வகைக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி, இன்னும் இவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை. பாப்கார்னுக்கும் நறுக்கிய காய்கறிக்கும் நன்றாகவே உதவுகிறது. உட்சுவர் ஈரமாக இருந்தாலோ, ஆவி வருமுன் கதவைத் திறந்தாலோ கணக்கு குழம்பும் என்பது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், ஆவி யாருடைய சாட்சி என்பது. ஆவி கிளம்புவது மிகச் சூடான இடத்திலிருந்து. கிண்ணத்தின் ஒரு மூலை கொதித்தால் போதும், உணரிக்குச் செய்தி போய்விடும். கூட்டத்தில் முதலில் குரல் எழுப்புகிறவனை வைத்து ஊரின் கருத்தை முடிவுசெய்வதைப் போன்றது இது. நமக்குத் தெரிய வேண்டியதோ நேரெதிரானது: மிகக் குளிர்ந்த இடம் எவ்வளவு சூடாயிற்று? மிச்ச உணவை 74 டிகிரிவரை சூடாக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண்துறை சொல்கிறதென்றால், அது கிண்ணத்தின் ஒவ்வொரு இடத்துக்குமான விதி. ஆவி வந்த மூலைக்கானதல்ல.

அகச்சிவப்பு உணரி இதைவிட மேல். சூடான எந்தப் பொருளும் உமிழும் அகச்சிவப்புக் கதிரைச் சுவரிலுள்ள ஒரு சிறு துளை வழியே பார்த்து அது வெப்பநிலையைச் சொல்கிறது. ஜப்பானிய அடுப்புகள் சிலவற்றில் ஒற்றைக் கண்ணுக்குப் பதில் பல கண்கள் கொண்ட உணரி தட்டைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது மேல்தோல் மட்டுமே. மூடி போட்டிருந்தால் மூடியின் சூட்டைப் படிக்கும். இந்த அடுப்பில் சுற்றியுள்ள காற்று சூடாவதில்லை என்பதால் மேற்பரப்பு ஆவியை இழந்து சற்றே குளிர, அதற்குக் கொஞ்சம் கீழே சூடு உச்சத்தில் இருப்பதும் உண்டு. உணவுக்குள் குத்திவைக்கும் கம்பி உணரியோ உள்ளதை உள்ளபடி சொல்லும்; குத்திய ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும். மறுபடியும் ஒரு சோறு.

இதெல்லாம் நாக்கு சுடுவதோடு நிற்கிற விவகாரமென்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2007இல் அமெரிக்காவில் கொனாக்ரா நிறுவனத்தின் உறைந்த இறைச்சிப் பைகளை உண்ட மக்களிடையே சால்மொனெல்லா தொற்று பரவியது. ஆய்வக முறையில் உறுதிசெய்யப்பட்டவர்கள் 41 மாநிலங்களில் 401 பேர். அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பார்வைக்கு வெந்ததுபோலிருக்கும் பண்டம் அது. உண்மையில் வீட்டில் முழுதாக வேகவைக்க வேண்டியது. உறையில் போட்டிருந்த நிமிடங்கள் அடுப்பின் வாட்டைப் பொறுத்து மாறுபவை. தம் வீட்டு அடுப்பு எத்தனை வாட் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மேலோடு பொன்னிறமாகி ஆவி பறக்க, நடுவில் கிருமி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஆவியை நம்பியவர்கள் படுக்கையில் விழுந்தார்கள்.

நம் வீடுகளில் இந்த அடுப்பை அதிகம் நம்பியிருப்பவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வாரத்துக்கு இரண்டு முறை சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சூடாக்கி உண்ணும் முதியவர்கள். கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடக்கூடாதே என்று பிள்ளைகளே வாங்கிக் கொடுத்தது. அவர்களிடம்தான் 'அதுவே பாத்துக்கும்' என்ற வாக்குறுதி போய்ச் சேர்கிறது. மைக்ரோவேவில் கதிரியக்கம் இருக்கிறது, சத்தெல்லாம் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களை அவர்கள் படிக்கிறார்கள், அவை அர்த்தமற்றவை. அஞ்ச வேண்டிய ஒன்றே ஒன்றை, சூடு சமமாக இராது என்பதை, யாரும் பெரிய எழுத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்புவதில்லை.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. மீலே என்ற ஜெர்மானிய நிறுவனம் 2017இல் பெர்லின் கண்காட்சியில் ஓர் அடுப்பைக் காட்டியது. மேக்னட்ரானுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள். அலையின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது, எவ்வளவு திரும்பி வந்தது என்று அளந்து, அதற்கேற்ப அடுத்த அலையைத் திருத்தும். பனிக்கட்டிப் பாளத்துக்குள் வைத்த மீனைப் பனி உருகாமல் வேகவைத்துக் காட்டினார்கள். நல்ல வேடிக்கைதான். கவனியுங்கள், அதுவும் சூட்டை அளக்கவில்லை. உணவு எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதைத்தான் அளந்தது. விலையோ நம் தெருவுக்கு வருகிற விலையல்ல.

அதுவரை நம்மிடம் இருக்கும் ஏற்பாடு கரண்டிதான். பாதியில் நிறுத்தி, ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் கொண்டுவந்து கலக்குவது, எந்த உணரியாலும் ஆகாத காரியத்தைப் பத்து விநாடியில் செய்துவிடுகிறது. பானை தானாகச் செய்துகொண்டதை நாம் கையால் செய்கிறோம், அவ்வளவே. ஆவி போகச் சிறு இடைவெளி விட்டு மூடிவைப்பது இரண்டாவது. குளிர்ந்த பருக்கையின் மேல் ஆவி படிந்து நீராகும்போது தன் வெப்பத்தை அங்கே விட்டுச் செல்கிறது. மூன்றாவது, நின்ற பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விடுவது. பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்த நமக்கு இதை ஆங்கிலக் கையேடு வந்தா கற்றுத்தர வேண்டும்? ஆனால் அந்தக் கையேட்டில் இது எங்கோ நாற்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. 'சென்ஸார்' மட்டும் பெட்டியின் முகப்பில். இடத்தை மாற்றிப் போடச் சொல்வது பேராசையல்ல. குழந்தையின் பால்புட்டியை இதில் சூடாக்காதீர்கள் என்பதையும் முகப்பிலேயே போடலாம். புட்டி வெளியே வெதுவெதுப்பாகவும் உள்ளே ஒரு மிடறு மட்டும் கொதித்தும் இருக்கக்கூடும்.

நம்பாதவர்கள் ஓர் அப்பளத்தை வைத்துப் பார்க்கலாம். சுழல்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் அச்சை மறைக்கும்படி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சுழலாதபடி ஒரு தட்டில் பெரிய அப்பளத்தைப் பரப்பி, பக்கத்திலேயே நின்று இருபது முப்பது விநாடி ஓட்டுங்கள். அப்பளம் முழுதாகப் பொரியாது. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைத் திட்டுகள் எழும்பும். இடையில் மஞ்சளாக அப்படியே கிடக்கும். அளவுகோல் வைத்தால் ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் ஏறக்குறைய மூன்று விரற்கடை இருக்கும். பிறகு கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி ஓட்டினால் மீதியும் பொரிந்துவிடும். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.