உத்தரவு வராத மூன்று நாட்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை என்றால் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். களக்காட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத கணக்கு இன்னொன்று உண்டு. களக்காடு இருக்கும் அதே நாங்குநேரி வட்டத்தில் உள்ள மூலைக்கரைப்பட்டியில் அன்று 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. பல ஊர்களில் மின்சாரமும் செல்போனும் ஒருசேர நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளை மீட்கவே இரண்டு நாட்கள் பிடித்தன. பேரிடரை நிர்வகிக்க வேண்டிய இடமே பேரிடரில் சிக்கினால், கீழே இருக்கும் துப்புரவு ஆய்வாளர் யாரைக் கேட்டு என்ன செய்வார்?

மாவட்ட அளவில் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்கிறது. தடிமனான ஆவணம், தாழ்வான பகுதிகள், நிவாரண முகாம்கள், அதிகாரிகளின் தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தொலைபேசி வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட திட்டம் அது. களக்காட்டுக்குத் தேவை, மேலிருந்து எந்த உத்தரவும் வராத முதல் 72 மணி நேரத்துக்கான திட்டம். அதைச் சுகாதார ஊழியர்களே உட்கார்ந்து எழுத வேண்டும். இதைச் சலுகையாகவும் கேட்கவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் தனக்கென ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவிலும், தன் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று 41ஆம் பிரிவிலும் சொல்கிறது.

களக்காடு 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. நகருக்குள் குப்பை, சாக்கடை, குடிநீர் எல்லாம் நகராட்சி நிர்வாகத் துறையின் பொறுப்பு. சுற்றியுள்ள ஊராட்சிகளில் நோய்த் தடுப்பைப் பார்ப்பவர் பொது சுகாதாரத் துறையின் சுகாதார ஆய்வாளர்; குடிநீர்த் தொட்டி ஊராட்சியின் கையில். ஊருக்கு மேலே தலையணைப் பக்கம் மலையில் மழை வலுத்தால், அது புலிகள் காப்பகம் என்பதால் முதலில் தெரிவது வனத்துறைக்கு. மலையிலிருந்து இறங்கும் பச்சையாற்றுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. நான்கு துறையினரும் மழைக்கு முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்து, தொடர்பற்ற நாளில் யார் எந்தத் தொட்டிக்குப் போவது என்று பெயரோடு எழுதிக்கொள்ளாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

வெள்ளம் வடிந்த மறுநாள் நம் ஊர்களில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமைச்சரோ அதிகாரியோ வரும் தெருவில் இருபுறமும் கோலம் போட்டதுபோல் வெள்ளைக் கோடு. பிளீச்சிங் பவுடரை இதைவிட வீணாக்க முடியாது. அது போக வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டி. 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர வேண்டுமானால், 33 சதவீத வீரியமுள்ள நல்ல பவுடர் சுமார் 180 கிராம் போதும். ஆனால், வாய் பிரித்த மூட்டை மழைக்கால ஈரத்தில் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். அது 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 300 கிராம் வேண்டும். பழைய மூட்டையிலிருந்து பழைய கணக்குப்படி அள்ளிப் போட்டவர் வேலையைச் சரியாகவே செய்திருப்பார். தண்ணீர் மட்டும் சுத்தமாகியிருக்காது. பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். பிறகு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் தெரிய வேண்டும். இதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தொட்டியின் அடியில் ஒட்டிவைக்கலாம். அளவைக் கிராமில் எழுதாமல், எத்தனை கரண்டி என்றே எழுதலாம். இருட்டில், மழையில் யாரும் தராசைத் தேட மாட்டார்கள்.

திட்டம் எழுதுகிறவர்கள் வழக்கமாக மறப்பது களத்தில் இறங்கும் ஊழியரின் உடம்பை. தூய்மைப் பணியாளர்களில் பலர் குடியிருப்பதே தாழ்வான இடங்களில். முதலில் மூழ்குவது அவர்கள் வீடு. அந்த வீட்டை விட்டுவிட்டுத்தான் அவர் செத்த கோழியையும் மாட்டையும் அப்புறப்படுத்த முழங்கால் தண்ணீரில் இறங்குகிறார். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகும். காய்ச்சல் தெரிய பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அதற்குள் வெள்ளச் செய்தியை எல்லோரும் மறந்திருப்பார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் மீட்புப் பணியில் இருந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்ததை நாம் இங்கே வாழைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து யோசிக்கலாம். முழங்கால் வரை வரும் காலணி, கையுறை, இந்த மாத்திரை, அவர் குடும்பத்துக்கு முகாமில் உறுதியான இடம்: இவை இல்லாமல் அவரை வேலைக்கு அழைக்கும் திட்டம் அவர் தலையில் கட்டப்பட்ட சுமைதான்.

கொசு அதற்கடுத்த கட்டம். 2012இல், அப்போது இதே மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில் டெங்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. 2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் அது லாரிகளில் அள்ளிச் செல்லப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அந்த ஊசிகளுக்கும் குழாய்களுக்கும் பக்கத்தில் ஆடுமாடும் குழந்தைகளும் போகாமல் காப்பது யார் வேலை? அப்படியொரு குவியலை வெறும் கையால் தொடக் கூடாது, கயிறு கட்டித் தடுக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்று வரியும் அதே தாளில் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். களக்காடு நகர்மன்ற உறுப்பினர்கள் செப்டம்பர் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் துப்புரவு ஆய்வாளரையும் தொட்டி இயக்குபவரையும் தூய்மைப் பணியாளர்கள் சிலரையும் அழைத்து, 2023இல் அந்த மூன்று நாட்களும் என்ன செய்தீர்கள், என்ன கிடைக்காமல் தவித்தீர்கள் என்று கேளுங்கள். திட்டத்தின் முதல் பக்கத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.