கையில் ஸ்கோப், எதிரில் பொம்மை: டாக்டரின் எண்டோஸ்கோப்பி திறமையை சிமுலேட்டர் அளந்துவிடுமா?

கொலோனோஸ்கோப்பிக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "வலிக்குமா டாக்டர்?" என்பதுதான். "உங்களுக்கு இதுல கை எவ்வளவு பழகியிருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "நிறைய பண்ணியிருக்கார்" என்றுதான் பதில் வரும். அந்த 'நிறைய' என்பதை நம்பலாமா என்ற சந்தேகத்தில்தான் அமெரிக்காவில் சிமுலேட்டர் தேர்வு வந்தது.

டாக்டருக்கு டாக்டர் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். பெருங்குடலில் வளரும் அடினோமா வகை பாலிப்புகள் பின்னாளில் புற்றுநோயாக மாறலாம். அவற்றைக் கண்டுபிடித்து அகற்றுவதுதான் இந்தப் பரிசோதனையின் முக்கிய நோக்கமே. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 136 டாக்டர்கள் செய்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோப்பிகளை அலசியது. ஒரு டாக்டர் 100 பேரைப் பரிசோதித்தால் சுமார் 7 பேரிடம் அடினோமாவைக் கண்டுபிடித்தார். இன்னொருவரோ 52 பேரிடம்! இந்த விகிதம் 1 சதவீதம் கூடினால், பரிசோதனைக்குப் பிறகு புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைவதாகவும் அந்த ஆய்வு சொன்னது.

எத்தனை செய்தால் போதும்?

இங்கேதான் சண்டை. அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை பயிலும் டாக்டர்களுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையாக 35 எண்டோஸ்கோப்பி, 50 கொலோனோஸ்கோப்பி என்று வைத்தார்கள். ஆனால், 2011-ல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், சராசரி பயிற்சி டாக்டர் அடிப்படைத் திறனை எட்டவே சுமார் 275 கொலோனோஸ்கோப்பிகள் தேவைப்பட்டன. 50 எங்கே, 275 எங்கே?

எண்ணிக்கையை விட்டுவிட்டு திறமையையே நேராக அளந்தால் என்ன என்று கிளம்பியது சேஜஸ் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அமைப்பு. அது உருவாக்கிய எஃப்.இ.எஸ். தேர்வை, 2017-18 கல்வியாண்டில் பயிற்சி முடிப்பவர்களில் தொடங்கி கட்டாயமாக்கியது அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம்.

தேர்வில் என்ன செய்யச் சொல்வார்கள்?

எழுத்துத் தேர்வு ஒன்று. இன்னொன்று செய்முறை. அதில் நோயாளி கிடையாது, பொம்மை உடலும் திரையும்தான். ஸ்கோப்பை நுழைத்து வழி தவறாமல் ஓட்ட வேண்டும். குடலுக்குள் குழாய் வளையமாகச் சுருண்டுகொள்ளும், அதை நேராக்க வேண்டும். நுனியைப் பின்பக்கமாக வளைத்துப் பார்க்க வேண்டும். குடல் சுவரை விடாமல் ஆராய்ந்து, கருவியைக் குறிபார்த்துச் செலுத்த வேண்டும். மொத்தம் ஐந்து பணிகள். எல்லாவற்றுக்கும் கடிகாரம் ஓடும், மதிப்பெண் போடுவது கம்ப்யூட்டர். சொந்தக்காரர், வேண்டியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எதிர்ப்பு ஏன்?

முதல் முயற்சியில் பெண் டாக்டர்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களைவிடக் குறைவாக இருந்ததாக சில ஆய்வுகள் சொல்லின. காரணமாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று, கையின் அளவு. ஸ்கோப்பின் திருகுகளைச் சிறிய கையால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஸ்கோப்பும் இதே அளவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது மாற வேண்டியது டாக்டரா, கருவியா?

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சிமுலேட்டர் அளப்பது கையை. தட்டையான பாலிப்பை அழுக்குக்கு நடுவில் கவனிக்கும் கண்ணையும், 'போதும், நிறுத்திவிடலாம்' என்று முடிவெடுக்கும் புத்தியையும் அதனால் முழுசாக அளக்க முடியாது. சிமுலேட்டர் பயிற்சி ஆரம்பக் கட்டத்தில் உதவுகிறது, ஆனால் நோயாளிகளிடம் பெறும் பயிற்சிக்கு அது மாற்று என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே 2018-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின் கருத்து.

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. அங்கே பயிற்சி டாக்டர் உண்மையான நோயாளிக்குப் பரிசோதனை செய்யும்போது, மூத்த டாக்டர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் போடுகிறார். பெருங்குடலின் கடைசி முனைவரை ஸ்கோப் போய்ச் சேர்ந்ததா என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.