ஐந்து கோல் வாங்கிய பிறகு

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் சபையின் நிர்வாகக் குழு கூடியது. பேச வேண்டியவை மூன்று. ஒழுகும் கூரை, பள்ளி விடுமுறை முகாம் செலவு, எழுவர் காற்பந்துக் குழு. கூரை பத்து நிமிடத்தில் முடிந்தது. முகாமுக்குக் கால் மணி நேரம் ஆனது. காற்பந்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்! கூரை ஒழுகினால் வாளி வைத்துக்கொள்ளலாம். கோல் ஒழுகினால் என்ன செய்வது?

விஷயம் இதுதான். சபைகளுக்கிடையிலான போட்டியில் முதல் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் 1–7 என்று தோற்றுவிட்டார்கள். எதிர்க்குழு பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்திலிருந்து வந்தது. அதுதான் சிலருக்குக் கூடுதல் வலி. குழுவைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு 26 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. சம்பளம் வாங்காத பயிற்றுநர். ஜெர்சியைத் துவைப்பதும் அவர்தான்.

"பாஸ்டர், இது சபையோட பேரு. ஆள மாத்திடலாம்" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், தாமே எடுத்து நடத்தத் தயார் என்று சொல்லிவிட்டார். நான் வியாழக்கிழமை வரை அவகாசம் கேட்டேன். போதகர் அவகாசம் கேட்டால் ஜெபிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஜெபித்தேன்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் என் மனம் போனது 2010ஆம் ஆண்டுக்கு.

நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்த டிசம்பர் மறந்திருக்காது. இளையவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

2009 ஜனவரி. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் மலேசியா 0–5 என்று தோற்றது. அப்போது தேசியப் பயிற்றுநர் பி.சத்தியநாதன். அந்தத் தோல்வியோடு அவர் பதவி போனது. அவருக்குப் பின் வந்தவர் கே.ராஜகோபால். இருவருமே நம் மலேசிய இந்தியர்கள். ஒருவர் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தார். அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று ராஜகோபாலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் ஒரு சாதனை செய்தார். லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் இளம் அணியை வைத்து வியட்நாமை 1–0 என்று வென்று தங்கம் வாங்கினார். காற்பந்தில் 1989க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் சீ தங்கம் அது. அந்தப் பையன்கள் பலரை நம்பித்தான் அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணத்துக்குப் போனார்.

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டம் இந்தோனேசியாவுடன். முதல் கோலை அடித்தது நாம்தான். அதற்குப் பிறகு வாங்கியது ஐந்து! ஆட்டம் முடிந்தபோது 1–5. மறுநாள் தேத்தண்ணீர்க் கடைகளில் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சத்தியநாதன் போனது எத்தனை கோலுக்கு? ஐந்துக்கு. இப்போது ராஜகோபால் வாங்கியதும் ஐந்து. கணக்கு சரியாக இருந்தது.

ஆனால் போட்டி நடுவில் பயிற்றுநரை மாற்றவில்லை. பதிவு செய்த ஆட்டக்காரர்களையும் மாற்ற முடியாது. கையில் இருப்பவர்களை வைத்துக்கொண்டு மூன்றே நாளில் தாய்லாந்தைச் சந்திக்க வேண்டும். தாய்லாந்தின் பயிற்றுநர் யார் தெரியுமா? மன்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் கேப்டன் பிரையன் ராப்சன்.

டிசம்பர் 4 ஆட்டத்தின் முடிவு 0–0. அந்த முடிவை அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை. எனக்கு இப்போது அந்தப் போட்டியிலேயே மிகவும் பிடித்த முடிவு அதுதான். ஐந்து கோல் வாங்கிய அணி அடுத்த ஆட்டத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை. பிறகு லாவோஸை 5–1 என்று வென்றார்கள். தாய்லாந்து வெளியேறியது, நாம் அரையிறுதிக்குப் போனோம். அங்கே வியட்நாமை இங்கே 2–0, ஹனோயில் 0–0. மறுபடியும் ஒரு பூஜ்யம், கவனியுங்கள்.

இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றது அதே இந்தோனேசியா.

முதல் சுற்று டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை இளைஞர் கூட்டத்தை நான் ரத்து செய்தேன். ரத்து செய்யாவிட்டாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரு நாசி கண்டார் கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே மேசையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பார்வையாளர் சிலர் லேசர் ஒளி அடிக்கிறார்கள் என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறி, சில நிமிடம் ஆட்டம் நின்றது. நம் பக்கத்து அசிங்கம் அது, மறைப்பதற்கில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் 61ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி, 68இல் அஷாரி சம்சுடின், 73இல் மறுபடியும் சாஃபி. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல். என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மாமா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் அப்போதே 85 கிலோ!

டிசம்பர் 29, ஜகார்த்தா. அந்த ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்கு பெனால்டி கிடைத்தது. 21 வயது கோல்காவலர் கைருல் ஃபாஹ்மி சே மாட் அதைத் தடுத்தார். கடைசியில் அந்த ஆட்டத்தை 1–2 என்று தோற்றோம். ஆம், கிண்ணம் வாங்கிய இரவிலும் நமக்குத் தோல்விதான்! மொத்தக் கணக்கில் 4–2. அந்தக் கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதன்முறை. டிசம்பர் 31ஐ அரசாங்கம் பொதுவிடுமுறையாக்கியது.

சரி, நாற்காலியை இழந்த சத்தியநாதன் என்ன ஆனார்? கிளந்தானுக்குப் போனார். அதே 2010 அக்டோபரில் கிளந்தான் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. பயிற்றுநர் அவர். அந்தக் கிளந்தான் அணியின் கோல்காவலர்தான் ஜகார்த்தாவில் பெனால்டியைத் தடுத்த கைருல் ஃபாஹ்மி. முன்னணி ஆட்டக்காரர் நோர்ஷாருல் இட்லானும் அங்கிருந்து வந்தவர்தான். விலக்கப்பட்டவர் வளர்த்த கைகள், இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பின் வந்தவரின் கிண்ணத்தைக் காத்தன. இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அதனால், பயிற்றுநரை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சத்தியநாதனை மாற்றியதால்தானே ராஜகோபால் வந்தார்? ராஜகோபாலுக்கும் ஒரு முடிவு வந்தது. 2012 சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் சொந்தத் திடலிலேயே சிங்கப்பூரிடம் 0–3. அரையிறுதியோடு வீடு திரும்பினோம். 2013ஆம் ஆண்டோடு அவர் பணி முடிந்தது. பதவி என்றால் அப்படித்தான். என்னை உறுத்தியது வேறொன்று.

அந்த வெற்றிக்குப் பிறகு பினாங்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காற்பந்துப் பைத்தியம். எங்கள் சபையிலும் 2011இல் முதன்முதலாக ஒரு குழு சேர்த்தோம். குழு நிர்வாகி நான். கோல்காவலன் 16 வயதுப் பையன். கை நீளம், பயம் கிடையாது. கைருல் ஃபாஹ்மி மாதிரியே கையுறை வேண்டும் என்று அப்பாவை நச்சரித்து வாங்கியிருந்தான். ஓர் அரையிறுதியில் மெதுவாக உருண்டு வந்த பந்து அவன் கால்களுக்கு நடுவே போய்விட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. இடைவேளையில் எல்லார் முன்னாலும், அவன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, "நீ உக்காரு, போதும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவனை உட்கார வைத்தது தப்பா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆட்டத்தில் அது நடக்கும். ஆனால் மறுநாள் நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடி, மோட்டாரில் பத்து நிமிடம். அடுத்த வாரமும் போகவில்லை. இரண்டு மூன்று ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்தான், பிறகு வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் நின்றுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதகர்களுக்கு இந்த மாதிரி வசதியான விளக்கங்கள் நிறையத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு பெட்ரோல் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். தாடி வைத்திருந்தான், பின்சீட்டில் ஒரு குழந்தை. அடையாளம் கண்டு, மரியாதையாக, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். சார். முன்பெல்லாம் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்.

வேதாகமத்தில் பேதுருவின் கதையை வேறு சமயத்து வாசகர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் குருவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். கரி நெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு சொன்னார். யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசியில் ஏரிக்கரையில் இன்னொரு கரி நெருப்பு வருகிறது. அதன்மேல் மீன் வேகிறது. உயிர்த்தெழுந்த இயேசு முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். பினாங்குக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. அந்த இரவைப் பற்றி ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் வேலை கொடுக்கிறார். இதை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஜெலுத்தோங்குக்கு மட்டும் போகவில்லை.

நம் ஊர்ப் பெண் நிக்கோல் டேவிட்டையும் அந்த இரண்டு நாளில் நினைத்துக்கொண்டேன். 2006லிருந்து 2015 வரை சுவர்ப்பந்தில் உலகின் முதல் இடத்தை விடாமல் வைத்திருந்தவர். 2014 மார்ச்சில் உலகப் போட்டி பினாங்கிலேயே நடந்தது. சொந்த மக்கள் முன்னால், அரையிறுதியில், எகிப்தின் 18 வயது நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில் அடுத்த உலகப் போட்டி. இறுதியாட்டத்தின் நான்காவது செட்டில் ரனீம் எல் வெலிலி 10–6 என்று முன்னே நிற்கிறார், ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது. நிக்கோல் அங்கிருந்து மீண்டு எட்டாவது முறையாக உலகப் பட்டம் வென்றார். மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் நடுவில் இருந்த அந்த மாதங்களில் அவருக்குப் பக்கத்தில் யார் யார் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் யோசித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியை ஒரு மாமாக் கடைக்கு வரச்சொன்னேன். ஜெர்சிப் பையோடு வந்தார். துவைத்து மடித்து, பந்து, விசில் எல்லாம் உள்ளே. ஒப்படைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. "முதல்ல சாப்பிடுங்க" என்றேன். ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் இரண்டு. சாப்பிட்ட பிறகும் நான் ஏழு கோலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"பின்னால நிக்க ஆளே இல்ல பாஸ்டர். எல்லாரும் கோல் அடிக்கத்தான் முன்னுக்குப் போறாங்க. ரெண்டு பேரு நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா திடலுக்கு வந்தவங்க. நான் அவங்கள இறக்கியிருக்கக் கூடாது."

இது செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவேயில்லையே!

தாய்லாந்து ஆட்டத்தைச் சொன்னேன். அவருக்கு அப்போது சின்ன வயது, ஜகார்த்தா பெனால்டி மட்டும்தான் நினைவிருக்கிறது, 0–0 தெரியவில்லை. கடைத் துண்டுச்சீட்டின் பின்புறம் ஏழு புள்ளி வைத்து, மூன்றைப் பின்னால் இழுத்து வரைந்தார். பையைத் திரும்ப அவரே எடுத்துக்கொண்டு போனார்.

ஓய்வுபெற்ற ஆசிரியரையும் பார்த்தேன். தம்பிக்குத் துணையாக நில்லுங்கள் ஐயா என்றேன். நாற்பது வருட அனுபவம் உள்ளவரைத் துணைக்கு நிற்கச் சொன்னால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பிறகு, அந்தப் பழைய கோல்காவலனின் எண்ணை அவன் அத்தையிடம் வாங்கினேன். போன் பண்ணத் தைரியம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதினேன். அன்றைக்குச் சத்தம் போட்டதற்கும், அதற்குப் பிறகு வராமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு வா என்று எழுதவில்லை. அதையும் எழுதினால் மன்னிப்புக் கேட்பது ஆள் சேர்க்கும் வேலையாகிவிடும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. நாளை மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது ஆட்டம். இரண்டு நாளாகச் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது, பள்ளித் திடல் சேறாகத்தான் இருக்கும். நீங்கள் இதைப் படிக்கும்போது முடிவு தெரிந்திருக்கும். அடுத்த வாரம் சொல்கிறேன்.