நெருப்புப் பூதம் யாருக்குச் சொந்தம்? ரோல்பிளேயிங் உலகின் உரிமச் சண்டையும் ஒரு புதுப் புத்தகமும்

ஒரு நெருப்புப் பூதம் உங்களைத் துரத்துகிறது. வாள் உடைந்துவிட்டது, மந்திரமும் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் மட்டும் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

தூக்கி ஊற்றுங்கள். வேலை செய்யும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, நெருப்புப் பூதத்தின் மேல் விழும் ஒவ்வொரு கேலன் தண்ணீருக்கும் அதன் உயிர்ப்புள்ளியில் ஒன்று குறையும். ஒரு சின்ன சிக்கல், அதன் சராசரி உயிர்ப்புள்ளி 102. ஒரு கேலன் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் 390 லிட்டர் வருகிறது. ஒரு வாளி போதாது, இரண்டு டிரம் வேண்டும்.

விளையாட்டாகத் தெரிந்தாலும், இந்த எண்களை இங்கே பயமில்லாமல் எழுத முடிவதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 2023 ஜனவரியில் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நெருப்பு, நீர், மரம், உலோகம் என்று பூதங்களாகவே நிரம்பிய ஒரு புத்தகம் வந்தது. சண்டையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் புத்தகத்தில் ஏன் பாதிப் பூதங்களுக்குப் பெயர் மாறியிருக்கிறது என்பது புரியும்.

முதலில், இது என்ன விளையாட்டு?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதுதான். ஒருவர் கேம் மாஸ்டர், கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று வாயால் சொல்கிறோம், உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்கிறது. அவ்வளவுதான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. காற்று, மண், நெருப்பு, நீர் என நான்கு பூதங்களும் அந்த முதல் பெட்டியிலேயே இருந்தன.

நான்குதானா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். நம்ம கணக்கில் ஆகாயத்தையும் சேர்த்து ஐந்து. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது கிரேக்கக் கணக்கு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எம்பிடாக்ளிஸ் சொன்ன நான்கு. அந்த நான்குக்கும் உயிருள்ள உருவம் கொடுத்தவர் 16-ம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ். நீருக்கு அண்டைன், காற்றுக்கு சில்ஃப், மண்ணுக்கு நோம், நெருப்புக்கு சாலமாண்டர் என்று அவர் எழுதிவைத்ததை ஐரோப்பியக் கதைகள் எடுத்துக்கொண்டன. கதைகளிடமிருந்து விளையாட்டு எடுத்துக்கொண்டது. போதாததற்கு அரபுக் கதைகளிலிருந்து ஜின்களும் வந்து சேர்ந்தன.

தமிழில் ஒரு வசதி. நிலம், நீர் போன்றவையும் பூதம்தான், 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாடியிலிருந்து வருவதும் பூதம்தான். ஆங்கிலத்தில் இரண்டு சொல் வைத்து விளக்க வேண்டியதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த விளையாட்டு செய்வதும் அதைத்தான். தத்துவத்தில் இருந்த பூதத்துக்குக் கையும் காலும் உயிர்ப்புள்ளியும் வைத்துவிட்டது.

கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்

இப்போது சண்டைக்கு வருவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய உரிமையாளர் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். அதன் தாய் நிறுவனம், பொம்மைகளுக்குப் பெயர்போன ஹாஸ்ப்ரோ. 2000-ம் ஆண்டில் விசார்ட்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. 'ஓப்பன் கேம் லைசன்ஸ்', சுருக்கமாக ஓஜிஎல், என்ற உரிமத்தின் கீழ் விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதை வைத்து புது அரக்கன், புது வரைபடம், புது சாகசம் எழுதி விற்கலாம் என்றது. இதை நம்பி எத்தனையோ சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. அவற்றில் பெரிதாக வளர்ந்தது பைசோ. அதன் 'பாத்ஃபைண்டர்' 2009-ல் இந்த உரிமத்தை அஸ்திவாரமாக வைத்து எழும்பியதுதான்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது, புது உரிமத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றது அது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வரும் வருவாயில் 25 சதவீதம் வரை ராயல்டி. லாபத்தில் இல்லை, வருவாயில்! அச்சுக்கூலி, ஓவியர் சம்பளம், தபால் செலவு எல்லாம் போனபிறகு சில சதவீதம் கையில் நிற்கும் தொழிலில் இது கடையை மூடச் சொல்வதற்குச் சமம். அதோடு, நீங்கள் உருவாக்கியதை நாங்களும் இலவசமாகப் பயன்படுத்துவோம் என்று இன்னொரு பிரிவு.

ஆட்டக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். நிறுவனத்தின் டிஜிட்டல் சேவையான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவை ரத்து செய்வதே போராட்டமானது. நிறுவனம் இறங்கி வந்து, திருத்திய வரைவை வைத்துக் கருத்துக் கேட்டது. 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். ஜனவரி 27-ம் தேதி முழுப் பின்வாங்கல். பழைய உரிமம் அப்படியே இருக்கும், கூடவே 'எஸ்ஆர்டி 5.1' என்ற அடிப்படை விதி ஆவணம் முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவெளிக்கு வரும் என்று அறிவித்தது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம். திரும்பப் பெற முடியாது. மேலே நான் சொன்ன 102 உயிர்ப்புள்ளியும் வாளித் தண்ணீர் விதியும் அந்த ஆவணத்தில் இருப்பவைதான்.

வருமானத்துக்குக் கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை இது. ஏனென்றால், இதற்குள் பைசோ வேறு பாதையில் கிளம்பிவிட்டது. எந்த விளையாட்டு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத 'ஓஆர்சி' என்ற புது உரிமத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தது. தன் விதிப் புத்தகங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வாடை அடிக்கும் எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக எழுதவும் தீர்மானித்தது.

பெயர் மாறிய ஜின்கள்

அந்த மாற்றத்தின் வாசலில் வந்ததுதான் 'ரேஜ் ஆஃப் எலிமெண்ட்ஸ்'. 2023 ஆகஸ்ட் வெளியீடு. பாத்ஃபைண்டரின் பூத உலகங்களுக்கான புத்தகம். பழைய நான்கு பூதங்களோடு மரம், உலோகம் என்று இரண்டு சேர்ந்து ஆறாகின்றன. நீண்ட காலம் மூடிக் கிடந்த மர உலகமும் உலோக உலகமும் திரும்பத் திறக்கின்றன என்பது கதை. மரமும் உலோகமும் இடம்பெறும் பூதக் கணக்கு சீன மரபில் இருக்கிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று அங்கே ஐந்து. இரண்டு மரபுகளையும் கூட்டினால் கிடைக்கும் ஆறுதான் இந்தப் புத்தகத்தில் இருப்பது.

கவனிக்க வேண்டியது ஜின்களை. நெருப்பு ஜின் இதுவரை 'எஃப்ரீட்டி'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிரபலமாக்கிய எழுத்துக்கூட்டு அது. இப்போது அரபு வழக்குக்கு நெருக்கமான 'இஃப்ரித்'. காற்று ஜின் 'ஜாதூம்' ஆனது, நீர் 'ஃபைதான்', மண் 'ஜபாலி'. உலோகத்துக்கு 'ஸுஹ்ரா', மரத்துக்கு 'கிஸிதார்' என இரண்டு புதுமுகங்கள். இதில் ஒரு கூத்து. நெருப்பு ஜின்னின் வம்சத்தில் வந்த மனிதர்களுக்கு அதுவரை 'இஃப்ரித்' என்று பெயர். அந்தப் பெயர் ஜின்னுக்கே போய்விட்டதால் அவர்கள் 'நாரி' ஆகிவிட்டார்கள். பத்து வருஷமாக ஆடிக்கொண்டிருப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு என் ஓட்டு ஆதரவாகத்தான். அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டின் முறைக்கு, அதாவது எப்படி ஆடுவது என்பதற்கு, காப்புரிமை கிடையாது. அதை எழுதியிருக்கும் விதத்துக்கும் ஓவியத்துக்கும்தான் உண்டு. நெருப்பு யாருக்கும் சொந்தமில்லை, ஜின்னும் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் வரைந்த ஜின்னும் வைத்த பெயரும் எழுதிய குணமும் சொந்தமாகலாம். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதவரை, சின்னப் பதிப்பாளர் வக்கீல் நோட்டீஸுக்கு பயந்தே வாழ வேண்டும். நாட்டுப்புறக் கதைக்கே நேராகப் போய், புதிதாக எழுதிக்கொள்வது கொஞ்சம் அசௌகரியம்தான். ஆனால் அது வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும்போது வரும் அசௌகரியம்.

சரி, ஆட எப்படி இருக்கிறது?

புத்தகத்தின் ஹீரோ 'கைனெடிசிஸ்ட்' என்ற பாத்திர வகை. வழக்கமான மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று கோட்டா இருக்கும், தீர்ந்தால் சும்மா நிற்க வேண்டியதுதான். கைனெடிசிஸ்டுக்கு கோட்டா இல்லை. பூத உலகத்துக்கான ஒரு வாசல் அவருக்கு உள்ளேயே இருக்கிறது, வேண்டும்போது திறந்து எடுக்கலாம். பெரிய தாக்குதல் செய்தால் சுற்றியிருக்கும் சக்தி வளையம் அணைந்துவிடும், மறுபடி மூட்ட ஒரு செயலைச் செலவழிக்க வேண்டும். இன்னொரு அழகான விஷயம், இவருடைய முக்கியத் திறன் அறிவோ கவர்ச்சியோ இல்லை, உடல் உறுதி. அடி வாங்கத் தெரிந்த மந்திரவாதி.

ஆரம்பத்தில் ஒரு பூதமோ இரண்டோ தேர்ந்தெடுக்கலாம். பிறகு 5, 9, 13, 17-ம் நிலைகளில் ஒரு கேள்வி வரும். புதிதாக இன்னொரு பூதத்தைச் சேர்க்கிறாயா, இருப்பதிலேயே ஆழமாகப் போகிறாயா? வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆனவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கலாம்.

ஆழமாகப் போவதில் ஆபத்தும் உண்டு. நெருப்பு மட்டும் வைத்திருக்கும் ஒருவரை நெருப்புப் பூதத்தின் முன் நிறுத்தினால் என்ன ஆகும்? போகிமான் ஆடியவர்களுக்கே பதில் தெரியும், ஒண்ணும் ஆகாது. அதற்காகவே, எதிரியின் உடம்பிலிருந்து அந்தப் பூதப்பொருளையே உருவியெடுத்து அதன் பாதுகாப்பைக் குறைக்கும் ஒரு திறனை வைத்திருக்கிறார்கள். நெருப்பிலிருந்து நெருப்பைப் பிடுங்குவது. ஓட்டையை அடைக்க எழுதிய விதி, புத்தகத்தின் சிறந்த காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

தண்ணீருக்கடியில் மட்டும் தப்ப முடியாது. அங்கே நெருப்பு சம்பந்தப்பட்ட எந்தச் செயலும் செய்ய முடியாது என்பது பாத்ஃபைண்டர் விதி. வரைபடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பூத வரைபடம் என்று இணையத்தில் விற்பவற்றில் பல வெறும் வால்பேப்பர்தான். எரிமலைக் குழம்பு தகதகவென்று இருக்கும், ஆனால் அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நல்ல வரைபடத்தில் தரையும் ஓர் எதிரி. ஒரு கட்டம் ஐந்து அடி. நடுவில் ஓடும் ஆறு எத்தனை கட்டம் அகலம் என்பதே நெருப்புக்காரருக்கு வாழ்வா சாவா. ஓர் அங்குல இடுக்கிலும் காற்றுப் பூதம் நுழையும், அப்படியானால் பூட்டிய அறைக்கு அர்த்தமே இல்லை. மண் பூதம் சுவருக்குள் நீந்தி வரும். இதற்கெல்லாம் காசு கொடுத்து வாங்கிய ஓவியம் வேண்டியதில்லை, கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

காசு என்றதும் ஒன்று. புதுப் பாத்திர வகைகளைக் காசுக்குப் பின்னால் பூட்டக் கூடாது என்பது என் கருத்து. அரக்கனையும் சாகசத்தையும் விற்கட்டும், கேம் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் மேசைக்கே ஆச்சு. ஆனால் பாத்திரம் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஐந்து பேரும் ஆளுக்கொரு இறக்குமதிப் புத்தகம் வாங்கினால்தான் ஆடலாம் என்றால், மாதச் சம்பளத்தில் இருப்பவர்களின் மேசை காலியாகவே கிடக்கும். விசார்ட்ஸே இதை ஒருமுறை சரியாகச் செய்தது. 2015-ல் 'பிரின்ஸஸ் ஆஃப் த அபோகலிப்ஸ்' என்ற பூத சாகசப் புத்தகத்தை விற்றபோது, அதற்கான பாத்திர வகைகளை, பூத வம்சத்து ஜெனாசிகள் உள்பட, தனி பிடிஎஃப்பாக இலவசமாகக் கொடுத்தது. அந்தப் பழக்கம் நீடிக்கவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் அடிப்படை விதிகளையும் 'எஸ்ஆர்டி 5.2' என்று கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டது பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ஜெனாசி அதில் இல்லை.

பாத்ஃபைண்டர் பக்கம் நிலைமை மேல். 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' என்ற தளத்தில் பைசோவின் அனுமதியோடு விதிகள் எல்லாமே இலவசம். கைனெடிசிஸ்ட், ஜாதூம், கிஸிதார், எல்லாம் போனிலேயே படிக்கலாம். திருட்டு பிடிஎஃப் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஓவியமும் கதையும் பிடித்திருந்தால் பிறகு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தச் சனிக்கிழமை எங்கள் குழுவும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஐந்து பேர், ஒரு டிஸ்கார்ட் அழைப்பு, புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஒருத்தர் நெருப்பை மட்டும் எடுத்திருக்கிறார், வேறெதுவும் வேண்டாமாம். கேம் மாஸ்டர் நான்தான். வரைபடத்தில் ஆறு வரைந்தாகிவிட்டது, அகலம் ஆறு கட்டம்.