தமிழ் பேசாத தமிழ்ப் பக்கங்கள்

கண்ணுள்ளார்க்குத் தமிழாய்த் தோன்றும் வலைப்பக்கம் ஒன்று, பார்வையற்றார் செவிக்குத் தமிழாய் ஒலிக்கவில்லை எனில், அஃது எம்மொழிப் பக்கம்? இவ்வினாவைத் தமிழ்நாட்டு அரசுத்துறைகள் பலவும் கேட்டுப் பார்க்கவில்லை. தமிழ் காக்கப் புறப்பட்ட கழகங்களும் இதழ்களுமே கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் பெரிதும் நாணத்தக்கது.

பார்வையற்றோர் கணிப்பொறியைப் பயன்கொள்ளும் முறையைப் பலர் அறியார். திரையில் உள்ள எழுத்தைத் திரைபடிப்பி என்னும் மென்பொருள் எடுத்துக் குரலாக்கித் தருகிறது. அவர்கள் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகை ஒன்றாலேயே தலைப்புக்குத் தலைப்பும் இணைப்புக்கு இணைப்பும் தாவிச் செல்கின்றனர். ஆத்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பி விலையின்றியே கிடைக்கிறது. அதனுடன் வரும் குரற்பொறி தமிழும் பேசும். எனவே, கருவி இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. கருவி இருக்கிறது, அது படிப்பதற்கு எழுத்துத்தான் இல்லை.

ஏன் இல்லை? முதற்குற்றம், எழுத்தைப் படமாக்கி வைத்தல். கணிப்பொறியில் எழுத்தாகவே பிறந்த அரசாணையைத் தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டு, அத்தாளை மீண்டும் ஒளிப்படமாக்கி வலைத்தளத்தில் ஏற்றுகின்றனர். திரைபடிப்பிக்கு அது வெறும் படம். ஒரு சொல்லும் இல்லை. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் கருவிகள் உண்டே என்பர் சிலர். அவை ஓரளவே மீட்கும், பிழையுடன் மீட்கும். இருந்த எழுத்தைத் தாமே அழித்துவிட்டு, அதை மீட்டெடுக்கும் சுமையைப் பார்வையற்றவர் தலைமேல் ஏற்றுவது எவ்வகை அறம்?

இரண்டாம் குற்றம், பழைய எழுத்துருக்களை விடாது பற்றிக்கொண்டிருத்தல். ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991-இலேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆயினும் ஆங்கில எழுத்தின் மேல் தமிழெழுத்தின் உருவைப் போர்த்திய பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்றும் வலையில் கிடக்கின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டெழுதினால், கணிப்பொறிக்குள் பதிவாவது சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ். கேட்பவர் செவிக்குப் பொருளற்ற ஆங்கில ஒலி. தமிழ் என்னும் பெயரே தமிழாய் ஒலிக்காத பக்கத்தைத் தமிழ்ப்பக்கம் என்பது எங்ஙனம்?

மூன்றாம் குற்றம் கண்ணுக்கே தெரியாதது. ஒவ்வொரு வலைப்பக்கத்தின் உள்ளும், இஃது இன்ன மொழிப் பக்கம் என்று அறிவிக்கும் குறி ஒன்றை இடல் வேண்டும். தமிழுக்கு உரியது டி, ஏ என்னும் ஈரெழுத்துக் குறி. அயலார் ஆக்கித் தந்த வார்ப்பில் ஆங்கிலக் குறி இருப்பதை மாற்றாமல், அதன்மேல் தமிழைக் கொட்டி வைப்போர் பலர். அக்குறியை நம்பித் திரைபடிப்பி ஆங்கிலக் குரலை அழைக்கிறது. அக்குரலோ தமிழெழுத்தைக் கண்டதும் உளறுகிறது, அல்லது வாய்மூடிக் கொள்கிறது. பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று தெருவில் நின்று போராடியோர், தம் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொள்வதை அறியாதிருக்கின்றனர்!

பார்வையற்றோர்க்கு மட்டுமன்று இக்கேடு. சுட்டியைப் பிடிக்க இயலாக் கையினர், விசைப்பலகையால் எய்த முடியாத பொத்தானின் முன் நின்றுவிடுகின்றனர். செவிப்புலன் அற்றோர், எழுத்துரை இல்லாத காணொளியில் வாயசைவை மட்டுமே காண்கின்றனர். மங்கிய பார்வையினர், வெளிர்நிறத் தளத்தின்மேல் வெளிர்நிற எழுத்தைத் தேடித் தோற்கின்றனர். எழுத்துக்கும் தளத்துக்கும் இடையே 4.5-க்கு 1 என்னும் அளவிலேனும் ஒளிவேறுபாடு வேண்டும் என்று பன்னாட்டு வலைநெறிகள் வரையறுத்துள்ளன. அந்நெறிகள் முதன்முதல் வெளிவந்தது 1999-இல். கால் நூற்றாண்டு கடந்தும் அறியவில்லை என்பார் உளரெனின், அஃது அறியாமையன்று, பொருட்படுத்தாமை.

சட்டமும் வாளா இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலியிலும் அச்சிலும் மின்வழியிலும் வரும் உள்ளடக்கம் அனைத்தும் அவர்கள் எய்தத்தக்க வகையில் இருத்தல் வேண்டும் என்று 42-ஆம் பிரிவில் கூறுகிறது. அச்சட்டத்தின்கீழ் 2017-இல் வகுத்த 15-ஆம் விதி வெறும் அறிவுரையாய் நிற்பதால் சட்டத்திற்கே முரணானது என்று, 2024 நவம்பர் 8-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று திங்களுக்குள் வகுக்குமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டது. எரிநீர் வீச்சால் முகம் சிதைந்தோரும் பார்வையற்றவர் ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்வழிப் பணிகளை எய்தும் உரிமை வாழ்வுரிமையின் கூறே என்று 2025 ஏப்பிரல் 30-இல் அம்மன்றமே அறுதியிட்டது. இழிசொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்னும் மதிப்புச் சொல்லை வழங்கிய நாடு தமிழ்நாடு. சொல்லில் மதிப்பைத் தந்துவிட்டு, வாயிலை அடைத்து வைப்பது மதிப்பாகுமா?

"இப்பக்கங்களை நாடுவோர் சிலர்தாமே, அவர்க்காக இத்தனை செலவா?" என்பது அடுத்து வரும் மறுப்பு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலக்கத்து 80 ஆயிரம் பேர். இவர்கள் சிலரா? மேலும், எழுத்தை எழுத்தாகவே இடுவதற்குச் செலவு என்ன? மொழிக்குறியில் ஈரெழுத்தை மாற்றுதற்குச் செலவு என்ன? படத்திற்கு ஒருவரி விளக்கம் எழுதுதற்குச் செலவு என்ன? கட்டும்போதே வாயிலை அகலமாய் வைப்பது எளிது. கட்டி முடித்தபின் சுவரை இடித்து அகற்றுவதே செலவு.

அரசைச் சுட்டும் விரல் தமிழ் அமைப்புகளையும் சுட்டட்டும். தமிழுரிமைக் கூட்டம் எங்கு, எந்நாள், எத்தனை மணிக்கு என்பன எல்லாம் வண்ணப்படத்தினுள் புதைந்து கிடக்க, பார்வையற்ற தமிழர் எவ்வாறு வருவார்? அவருக்கு அழைப்பே இல்லை. பழைய தமிழிதழ்களை மின்படியாக்கிக் காப்பது அரும்பணி; ஆயின் படமாக மட்டும் காப்பது பாதிப்பணி. மறுபாதி, அவற்றை எழுத்தாக்குதல்.

எனவே, எழுத்தை எழுத்தாகவே இடுக, ஒருங்குறியில் இடுக, தமிழ்ப்பக்கத்திற்குத் தமிழ்க்குறி இடுக, படத்திற்கு விளக்கமும் காணொளிக்கு எழுத்துரையும் சேர்க்க. தமிழ்த்தளம் நடத்துவோர் ஒவ்வொருவரும் ஒருநாள் திரையை அணைத்துவிட்டு, திரைபடிப்பியை இயக்கித் தம் பக்கத்தைச் செவிமடுக்கட்டும். தமிழ் கேட்டால் அது தமிழ்ப்பக்கம். கேளாவிடின், அதைத் திருத்தும் வரை, தமிழ் வாழ்க என்று அதன் முகப்பில் எழுதி வைப்பதால் பயனில்லை.