விரிசல் விட்ட சக்கரத்துக்கு ஒட்டுப் போடலாமா?

காருக்கு அழகு சக்கரம்தான் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "அலாய் வீல்" மாட்டுகிறார்கள்.

மாட்டட்டும். ஆனால் அது அடிபட்டால் என்ன செய்வது? பலருக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடுகிறது.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியம். அதோடு சிலிக்கனும், சிறிது மக்னீசியமும் சேர்த்து உருக்கி, அச்சில் வார்க்கிறார்கள். பிறகு சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் சக்கரத்துக்கு உறுதி.

இது புதிய பொருள் அல்ல. 1924-ம் ஆண்டு பிரான்சு நாட்டில், லியோன் நகரப் பந்தயத்திலேயே புகாட்டி கார்கள் அலுமினியச் சக்கரத்தில் ஓடின.

கீறல் வேறு, விரிசல் வேறு

நடைபாதைக் கல்லில் உரசினால் கீறல் விழும். மேலோட்டமான கீறல் என்றால் கவலை வேண்டாம். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அதற்கு நூற்றுக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் உண்டு!

பள்ளத்தில் இறங்கிய அடி அப்படி அல்ல. இரும்பு பெரும்பாலும் நெளியும். அலுமினியம் நெளியவும் செய்யும், விரிசலும் விடும். டயரில் காற்று குறைவாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். சக்கரத்தைப் பெரிதாக்கி, டயரை மெலிதாக்கிக் கொள்வது நம் ஊர் ரோடுகளுக்கு ஏற்ற காரியமே அல்ல.

விரிசல் பெரும்பாலும் சக்கரத்தின் உட்பக்கத்தில்தான் விடும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. பஞ்சர் இல்லை, ஆனாலும் வாரந்தோறும் காற்று இறங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

பூசி மறைக்கும் வேலை

"வெல்டிங் வைத்துத் தருகிறேன். புதுசு போல ஆகிவிடும்" என்பார் பட்டறைக்காரர்.

புதுசு போல இருக்கும். புதுசு ஆகாது. வெல்டிங் சூட்டில், ஒட்டுக்கு அக்கம்பக்கத்தில் பழைய பதம் போய்விடுகிறது. மேலே தேய்த்து, பெயிண்டு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தச் சக்கரம் மறுபடியும் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது, காரில் மனைவியும் குழந்தைகளும் இருப்பார்கள்.

புதுச் சக்கரம் விலை அதிகம்தான். ஒட்டுப் போடுகிறவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. அலாய் வீல் உள்ள பல கார்களில், ஸ்டெப்னியாக இரும்புச் சக்கரம்தான் இருக்கிறது. அளவு ஒன்றாக இருந்தால், புதிது வாங்கும்வரை அதிலேயே ஓட்டலாம். மூன்று பளபளப்பு, ஒன்று கறுப்பு. தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்!

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கொடுக்குமுன் 4 சக்கரங்களையும் கழற்றச் சொல்லி, உட்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். "கழற்ற முடியாது" என்று விற்பவர் சொன்னால், காரை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.