மன்றின் மொழியும் நூலின் மொழியும்

மன்றில் எழுந்து வாதிடும் சட்டத்தரணியின் பலம், முதல்நாளிரவு அவர் புரட்டிய நூல்களில் இருக்கிறது. நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலந்தொட்டு இதனை நான் கவனித்து வந்திருக்கிறேன். முற்தீர்ப்பொன்றின் தொகுதியையும் பக்கத்தையும் பிசகாமல் எடுத்துரைப்பவருக்கு நீதிபதி செவிசாய்ப்பார். நூல் கைவசம் இல்லாதவர் தவணை கேட்பார். அத்தவணையின் செலவு கட்சிக்காரரின் தலையில் விழும்.

ஆகவே, சட்ட நூல்கள் யாருக்கு, எந்த மொழியில் கிடைக்கின்றன என்பது நீதி பற்றிய வினாவாகும்.

1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின்படி இலங்கையில் சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். வடக்கிலும் கிழக்கிலும் முதனிலை நீதிமன்றங்களின் வழக்கேடுகள் தமிழில் பேணப்படுகின்றன. ஆனால் அங்கு எடுத்தாளப்படும் முற்தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. 1890களில் தொடங்கி 1970களின் இறுதிவரை வெளிவந்த 'புதிய சட்ட அறிக்கைகள்' முழுவதும் ஆங்கிலம். 1978 முதலான தீர்ப்புகளைத் தாங்கிவரும் 'இலங்கை சட்ட அறிக்கைகள்' என்பதற்கும் அதுவே பொருந்தும். பாராளுமன்றச் சட்டங்கள் தமிழிலும் வெளியாகின்றன என்பது உண்மையே. எனினும் சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் அவற்றின் இறுதிப் பிரிவில் தவறாது இடம்பெறும். தமிழ் உரையை மட்டும் வைத்துக்கொண்டு வாதிடும் சட்டத்தரணி அரைப் படைக்கலத்துடன் களம் புகுகிறார்.

தேசவழமையின் கதை இதனினும் விசித்திரமானது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அத்தொகுப்புத் தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களால் பார்வையிடப்பட்டது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் ஆகிய சொற்கள் தமிழருடையவை. ஆனால் தேடிய தேட்டம் என்பதன் பொருளை ஆராய்ந்த 1933 ஆம் ஆண்டின் முக்கிய தீர்ப்பைப் படிக்க விரும்புபவர், புதிய சட்ட அறிக்கைகளின் 35 ஆம் தொகுதியில் 313 ஆம் பக்கத்தை ஆங்கிலத்தில்தான் புரட்ட வேண்டும். நம் பாட்டன்மாரின் சொல்லுக்கு உரிய பொருளை நாம் பிறமொழியில் தேடுகிறோம்.

"சட்டத்தரணிகளுக்கு ஆங்கிலம் தெரியுமே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கலாம். வழக்கு சட்டத்தரணியுடையதன்று, கட்சிக்காரருடையது. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்துகொண்டு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்து ஊர்க்காணியைக் காக்க முயலும் வாசகருக்கும் இது பொருந்தும். தம் காணியின் தலைவிதியைத் தீர்மானித்த நியாயத்தைத் தாமே படித்தறிய முடியாதவர், தீர்ப்பை ஏற்றுக்கொள்வதும் மேன்முறையீடு செய்வதும் பிறர் சொல்லை நம்பியே.

இணையம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. நீதி அமைச்சின் 'லோநெற்' தளம் சட்டங்களையும் பழைய தீர்ப்பறிக்கைகளையும் இணையத்தில் ஏற்றியது. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தத்தம் தளங்களில் தீர்ப்புகளை வெளியிடுகின்றன. கொழும்பின் பெரிய சட்டத்தரணிகளுடைய அலமாரிகளில் மட்டும் இருந்தவை பருத்தித்துறைக்கும் வாழைச்சேனைக்கும் எட்டின. எட்டியது நூல், மொழி எட்டவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் தமிழிலேயே விடை தருகிறது. ஆனால் 2023 இல் நியூயோர்க்கில் நடந்ததை மறக்கலாகாது. அத்தகைய கருவியொன்று கற்பித்துத் தந்த, ஒருபோதும் நடந்திராத வழக்குகளை மன்றில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கே எதிர்த்தரப்பினர் மூல அறிக்கைகளைத் தேடிப் பார்த்ததால் பொய் வெளிப்பட்டது. தமிழில் ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இல்லாதபோது பொய்யை எவர் கண்டுபிடிப்பார்?

வழி இல்லாமல் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தன் தீர்ப்பறிக்கைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் தீர்ப்புகளின் பெயர்ப்புகளையும் வழங்கி வருகிறது. ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற எச்சரிக்கையும் அங்குண்டு. இருந்தும் சாதாரண மனிதன் படித்தறிய ஒரு வாசல் திறந்திருக்கிறது.

எல்லாத் தொகுதிகளையும் ஒரே நாளில் பெயர்க்குமாறு நான் கேட்கவில்லை. தேசவழமை, காணி, வாழ்க்கைப்பணம், பிணை ஆகிய நான்கு துறைகளிலாவது முக்கிய தீர்ப்புகளின் தலைக்குறிப்புகள் தமிழில் வரட்டும். ஒவ்வொன்றிலும் மூலத்தின் தொகுதியும் பக்கமும் குறிக்கப்படட்டும். ஒரே கலைச்சொல் எங்கும் ஆளப்படட்டும். எவரும் இலவசமாகப் படிக்க வகைசெய்யப்படட்டும். நீதி அமைச்சுக்கு இது கடமை. வடக்கு கிழக்குச் சட்டத்தரணிகள் சங்கங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இது தொண்டு. வெளிநாடுகளில் வாழும் தமிழ்ச் சட்ட அறிஞர்களுக்கும் இதில் பங்குண்டு.

தமிழில் வழக்காடும் உரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கான நூல்கள் இனித்தான் எழுதப்பட வேண்டும்.